நாள் கட்டணம்

வேலிக்கு வெளியே நின்று பார்ப்பது ஹெப்சிபாவுக்குப் பழக்கமில்லை. பதினோரு வருஷமாக எந்த ஊர்ப் போட்டிக்குப் போனாலும், களத்தில் இறங்குவதற்கு முன் குதிரைகளை ஓட்டிச் சூடேற்றும் இந்தச் சின்ன மைதானத்தில், நடுவே போட்டிருக்கும் பயிற்சித் தடைக்குப் பக்கத்தில்தான் அவள் இடம். குறுக்குக் கட்டையை ஒரு துளை ஏற்றுவாள், ஒரு துளை இறக்குவாள், "கையை விடு, கீழே பார்க்காதே, முதுகு, முதுகு" என்று தொண்டை கட்டக் கத்துவாள், சாயங்காலம் குரலே வராது. இன்றைக்கு அந்த இடத்தில் விக்ராந்த் நிற்கிறான். உள்ளூர் பெங்களூர்க்காரன், முப்பது வயதுக்கு மேல் இருக்காது, காலரில் ஒரு சின்ன மைக். அவன் கத்துவதில்லை. உதட்டை அசைக்கிறானா என்றுகூடச் சந்தேகமாக இருக்கிறது. அவன் சொல்வது நேராகத் தன்யாவின் வலது காதில் மாட்டியிருக்கும் கருப்புப் பொத்தானுக்குப் போய்விடுகிறது. அவன் என்ன சொன்னான் என்று இங்கே நிற்கிற யாருக்கும் தெரியாது. தன்யாவின் முதுகு நிமிர்வதைப் பார்த்து முதுகைச் சொல்லியிருப்பான் என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். பதினாறு வயதுப் பெண், ஒன்பது வயதில் சேணத்தைப் பிடித்துக்கொண்டு "மேம், இறக்கி விடுங்க" என்று அழுத பெண், இப்போது தன் குதிரை கார்முகில் மேல் அப்படி உட்கார்ந்திருக்கிறாள், வேலியைத் தாண்டி அவள் கண் வரவே இல்லை. வரக்கூடாது என்று சொல்லியிருப்பார்களோ. யார் சொல்லியிருப்பார்கள், அம்மா வசுமதிதான். வசுமதி எதிர்ப்பக்கத்தில், குடைக்குக் கீழே, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில். அந்த நாற்காலியைக் கோயம்புத்தூரிலிருந்து வண்டியில் போட்டுக்கொண்டு வந்ததே ஹெப்சிபாதான். மடக்கு நாற்காலி, ஒரு கால் கொஞ்சம் ஆடும், உட்காரும்போது இடது பக்கம் சாய்ந்து உட்கார வேண்டும். வசுமதி இடது பக்கம் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கிறாள்.

போய்விடலாம். இன்றைக்கு இங்கே அவளுக்கு வேலை இல்லை. அவள் கூட்டிக்கொண்டு வந்த மற்ற இரண்டு பிள்ளைகளின் போட்டி நேற்றோடு முடிந்துவிட்டது, ஒருவன் ஐந்தாவது, இன்னொருத்தி கட்டையைத் தட்டி வெளியே. தன்யாவுடையது மட்டும்தான் இன்றைக்கு, பெரிய தடை, ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர் உயரம். "நாளைக்கு நீங்க ரெஸ்ட் எடுத்துக்குங்க, விக்ராந்த் பார்த்துக்குவாரு" என்று வசுமதி நேற்றுச் சாயங்காலம் சொன்னாள், ஏதோ காய்ச்சல்காரிக்குச் சொல்கிற மாதிரி. ரெஸ்ட். நாலு மணிக்கே முழிப்பு வந்துவிட்டது, பழக்கம், போட்டி நாளில் நாலு மணிக்கு எழுந்து லாயத்துக்குப் போய் ஒவ்வொரு காலாகத் தடவிப் பார்க்கிற பழக்கம். எழுந்து உட்கார்ந்துகொண்டு, போக வேண்டாம் என்று திரும்பப் படுத்தாள். படுத்தால் அந்த வார்த்தை. நியாயமா. அந்த ஒரு வார்த்தை. லாட்ஜின் சாப்பாட்டு ஹாலில், தோசை வருவதற்கு முன், மூன்று குடும்பமும் ஒரே மேஜையில், வசுமதி கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்து, இஸ்திரி போடுகிற மாதிரி உள்ளங்கையால் நீவி, "ஏனுங்க ஹெப்சி, தப்பா எடுத்துக்காதீங்க, எல்லாரும் இருக்கறப்பவே கேட்டுக்கலாமேன்னுதான்" என்று ஆரம்பித்தாள். போட்டிக்கு வந்தால் ஒரு நாளைக்கு ஒரு பிள்ளைக்கு நாலாயிரம் கோச்சுக்கு. அது போக அவள் ரூம், அவள் சாப்பாடு, குதிரை வண்டியில் பங்கு. "நாள் ஒண்ணுதானுங்க. நீங்களும் ஒருத்தர்தான். மூணு பேர்கிட்டயும் முழுசா நாலாயிரம்னா பன்னண்டாயிரமாகுது. என்ற கம்பெனியில ஒரு டெய்லர் ஒரே நேரத்துல மூணு மிஷின்ல உட்கார்ந்தேன்னு மூணு சம்பளம் கேட்டா நான் குடுப்பனா? நியாயமா இருக்குதுங்களா?" ஐந்தாவது வந்த பையனின் அப்பா டாக்டரும் அவர் மனைவியும் தட்டைப் பார்த்தார்கள். இன்னொரு பிள்ளையின் அப்பா, பில்டர், தண்ணீர் குடித்தார். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான், அந்த ஆச்சரியப்படாமைதான். அவர்களுக்கு முன்பே தெரியும். அந்தக் காகிதம் அவர்கள் எல்லோர் கையிலும் ஒரு சுற்று வந்த காகிதம்.

பதில் இருந்தது. இப்போது, பதினான்கு மணி நேரம் கழித்து, வெயிலில் நிற்கும்போது வரிசையாக வருகிறது. பஸ் ஒன்றுதான், டிரைவர் ஒருத்தர்தான், ஏறுகிற ஆளெல்லாம் டிக்கெட் எடுப்பதில்லையா. மூன்று பிள்ளைக்கும் மூன்று முறை களத்துக்குள் நடந்து, தடைக்கும் தடைக்கும் நடுவில் எத்தனை எட்டு வைக்கலாம் என்று மூன்று குதிரைக்கும் மூன்று விதமாகக் கணக்குப் போட்டுக் கொடுப்பது யார். ஒன்றின் நடை நீளம், ஒன்றின் நடை குறுகல், ஒன்று தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தால் நின்றுவிடும். நாலு நாள் இங்கே வந்தால் அங்கே கோயம்புத்தூரில் அவள் குதிரைப் பண்ணையில் நாலு நாள் வகுப்பு கிடையாது, வாடகை மட்டும் உண்டு, தீவனம் மட்டும் உண்டு. இத்தனையும் சொல்லியிருக்கலாம். சொன்னது வேறு. வாய் முந்திக்கொண்டு, எல்லோர் முன்னாலும், "வசு, இந்த ரெண்டு வருஷத்துல உன்கிட்ட நான் என்னைக்காவது டே ஃபீஸ் கேட்டிருக்கேனா? நீ ஒரு நாள் குடுத்திருக்கியா?" என்றாள். அதற்குத்தான் காத்திருந்ததுபோல, ஆனால் குரலை உயர்த்தாமல், பரிமாறுகிறவனுக்கு வழி விட்டு நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டே, வசுமதி சொன்னாள். "அது அந்த நாப்பதாயிரத்துல கழியுதுன்னுதானுங்க நானும் குடுக்கல."

அந்த நாற்பதாயிரம். கார்முகிலை வாங்கியபோது நாலு லட்சம், பந்தய ஓட்டத்திலிருந்து கழித்துவிட்ட குதிரை, ஐந்து வயது, கரும்பழுப்பு, நெற்றியில் ஒரு விரல்கடை வெள்ளை. பார்த்துத் தேர்ந்தெடுத்தது ஹெப்சிபா. வசுமதி ஒரு பார்வை பார்த்து, "நீங்க சரின்னா சரிங்க" என்றாள். விற்றவன் மறுநாள் ஒரு கவரைக் கொடுத்தான், நூற்றுக்குப் பத்து, எல்லாக் கோச்சுக்கும் கொடுப்பதுதான், வேண்டாம் என்றால் அவனே வைத்துக்கொள்வான், விலையில் குறைக்க மாட்டான். அப்படித்தான் அப்போது சொல்லிக்கொண்டாள். வாங்கிக்கொண்டாள். ஒரு வாஷிங் மெஷின், வீட்டு அட்வான்ஸில் பாக்கி. குதிரையைத் தேர்ந்தெடுத்ததற்கென்று வசுமதியிடம் தனியாக எதுவும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அது நேர்மையாக இருந்திருக்கும். கேட்கக் கூச்சம். கூச்சப்பட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக வாங்கினாள். சொல்லாமலே விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. சொன்னது அவள்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், திருப்பூரில், வசுமதியின் கம்பெனி குடோனில், கட்டுக்கட்டாகத் திரும்பி வந்த பனியன் பெட்டிகளுக்கு நடுவே வசுமதி தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். வெளிநாட்டு ஆர்டர் போய்விட்டது. மாமியாருக்குத் தெரியாமல் தன்யாவின் நகையை அடகு வைத்துவிட்டதாகச் சொன்னாள், "இந்த உலகத்துல யாருக்கும் தெரியாதுங்க ஹெப்சி, என்ற வீட்டுக்காரருக்கே தெரியாது" என்றாள். அப்போது அவளோடு தரையில் உட்கார்ந்து, அவள் மட்டும் தலைகுனிந்து இருக்கக்கூடாது என்பதற்காக, தன்னிடமிருந்தும் ஒன்றை எடுத்து வைக்க வேண்டும் என்று தோன்றி, ஹெப்சிபா நாற்பதாயிரத்தைச் சொன்னாள். வசுமதி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "அட விடுங்க, எல்லாரும் வாங்கறதுதான்" என்றாள். அன்றைக்குத்தான் "வசு" என்று கூப்பிட ஆரம்பித்தது. அன்றைக்குத்தான், "போட்டிக்கெல்லாம் எனக்கு நீ எதுவும் தர வேண்டாம், நிலைமை சரியாகட்டும், பார்த்துக்கலாம்" என்று சொன்னதும். ஒரே மத்தியானம். இரண்டும் ஒரே மத்தியானம் என்பதுதான் இப்போது இடறுகிறது. தான் கொடுத்தது அன்பு என்று இவள் நினைத்திருக்க, வசுமதி அங்கேயே, அந்த அழுகையிலேயே, கணக்கைத் தொடங்கிவிட்டாளா. இல்லை, அப்போது இல்லை, பிறகு ஏதோ ஒரு நாள். எந்த நாள். காலையில் குளிக்கும்போது எண்ணிப் பார்த்தாள், அதுவரை எண்ணியதே இல்லை, முப்பத்தொரு நாள். பெங்களூர், ஊட்டி, மறுபடி பெங்களூர், சென்னை. நாலாயிரம் என்றால் பத்து நாளில் அந்த நாற்பதாயிரம் தீர்ந்துவிட்டது. மிச்சம் இருபத்தொரு நாளுக்கு என்ன பெயர். பதினோராவது நாள் எது, எந்த ஊர், அன்றைக்கு வசுமதிக்குத் தெரிந்திருக்குமா நேற்றோடு கணக்கு சரி என்று. தெரிந்துகொண்டே காபி வாங்கிக் கொடுத்திருப்பாளா. நகையைப் பற்றி நேற்று மேஜையில் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. டாக்டர் மனைவி வசுமதிக்குத் தூரத்துச் சொந்தம், ஒரு வாரத்தில் மாமியார் காதுக்குப் போயிருக்கும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இப்போது கோபம் வருகிறது. தோசை வந்தது, சாப்பிட்டாள், அதுதான் வெட்கக்கேடு, முழுத் தோசையையும் சாப்பிட்டாள்.

தன்யா கார்முகிலை டிராட்டுக்குக் கொண்டு வந்தாள். நடை முடிந்து, கால்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து விழுகிற சீரான ஓட்டம். வலப்பக்கமாக ஒரு வட்டம், அழகாக இருந்தது, கழுத்து வளைந்து, வாய் நுரைத்து. திசை மாறி இடப்பக்க வட்டம். ஹெப்சிபா குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள், அதனால் முதலில் கேட்டது காதுதான். ஒன்று இரண்டு ஒன்று இரண்டு என்று விழ வேண்டிய சத்தத்தில் ஒன்று கொஞ்சம் மெலிந்து விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. இருந்தது. தலை. இடது முன்னங்கால் தரையில் படும்போது தலை ஒரு நூல் மேலே போகிறது, வலதில் இறங்குகிறது. ஒரு நூல்தான். வேலியோரத்தில் நிற்கிற நாற்பது பேரில் ஒருத்தருக்கும் தெரியாது. விக்ராந்துக்குத் தெரிகிறதா? அவன் தன்யாவின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நிஜமாகவே இருக்கிறதா, இல்லை இருக்க வேண்டும் என்று உனக்கு ஆசையா. ஹெப்சிபா தன்னையே கேட்டாள். நேற்று ராத்திரி படுக்கும்போது நீ என்ன நினைத்தாய், கட்டை விழட்டும் என்று நினைக்கவில்லையா, மூன்றாவது தடையில் கார்முகில் நின்றுவிடட்டும், அந்த மைக்குக்காரன் முகம் எப்படிப் போகிறது பார்ப்போம் என்று நினைக்கவில்லையா. நினைத்தாய். அப்படி நினைத்த கண் இன்றைக்கு எதைத்தான் பார்க்காது. கண்ணை மூடிக்கொண்டாள். சென்னையில் போலீஸ் குடியிருப்பில் வளர்ந்தவள், அப்பா குதிரைப்படையில் கான்ஸ்டபிள், வீட்டுக்குப் பின்சுவர் லாயத்தின் சுவர், குளம்புச் சத்தத்தில்தான் பாடம் படித்ததும் தூங்கினதும். காதுக்குப் பொறாமை தெரியாது. கேட்டாள். மணலில் டப், தப். டப், தப். கண்ணைத் திறந்தாள். வியாழக்கிழமை வந்து இறங்கியபோது சரியாக இருந்தது, அவளே நாலு காலையும் தடவினாள். வெள்ளிக்கிழமை இடது முன்னங்கால் லாடம் தளர்ந்திருந்தது, மத்தியானம் போய்ப் பார்த்தால் புது ஆணியோடு இறுகியிருந்தது. குதிரையைப் பார்த்துக்கொள்ளும் சைஸ் ரங்கப்பன், ஐம்பது வயது, அவளிடம் பொய் சொல்லத் தெரியாத மனுஷன், தரையைப் பார்த்துக்கொண்டே "இங்கத்த ஆளு வந்து அடிச்சுட்டுப் போனாருங்க மேடம்" என்றான். இங்கத்த ஆள் என்றால் விக்ராந்தின் ஆள். வெள்ளிக்கிழமையே எல்லாம் முடிவாகியிருந்தது. அவள் மட்டும் சனிக்கிழமை முழுக்க மூன்று பிள்ளைக்கும் கோச்சாக ஓடிக்கொண்டிருந்தாள். ஆணி. ஆணி சதையை ஒட்டி இறங்கியிருக்கிறது. குத்தவில்லை, நெருக்குகிறது. நடந்தால் தெரியாது. ஒரு மீட்டர் பத்துத் தாண்டி, ஐந்நூறு கிலோ அந்த ஒரு காலில் வந்து இறங்கினால்.

இது உன் வேலை இல்லை. இதற்கு உனக்கு யாரும் எதுவும் தரவில்லை. மூன்று மிஷினில் உட்கார்ந்த டெய்லர், எழுந்து போ. எத்தனை குதிரை இதைவிட மோசமாக நொண்டிக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறது, பத்தில் ஒன்பது முறை ஒன்றும் ஆகாது. ஒன்பது முறை. லாரியிலிருந்து இறங்கும்போது கார்முகில் முகத்தை அவள் முதுகில் வைத்துத் தேய்க்கும், அப்படி ஒரு தேய்ப்பு, சட்டையெல்லாம் எச்சில். நாற்பதாயிரம் வாங்கியதும் இந்தக் குதிரையை வைத்துத்தான். அதை நினைத்தாலும் கூசுகிறது, நினைக்காவிட்டாலும் விடுவதில்லை. கால் வேலியோரமாக நடக்க ஆரம்பித்துவிட்டிருந்தது. ஒலிபெருக்கி யாரோ ஒருவருடைய எண்ணையும் தட்டிய கட்டைகளையும் சொன்னது. இன்னும் இரண்டு பேர், அதற்குப் பிறகு தன்யா. வசுமதியின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கண்ணாடி திரும்பியது. "வசு, இடது முன்னங்கால். ஆணி நெருக்குது. குதிரை டாக்டரைக் கூப்பிட்டு ஒரு தடவை காட்டிட்டு அப்புறம் களத்துல இறக்கு." மெதுவாகத்தான் சொன்னாள். வசுமதி கண்ணாடியைக் கழற்றவில்லை. "விக்ராந்த் பார்த்துட்டுத்தானே இருக்காருங்க." "அவனுக்குத் தெரியல. இடப்பக்கம் திரும்பறப்ப தலையைப் பாரு." வசுமதி பார்த்தாள், பார்த்ததாகத்தான் தோன்றியது, ஒரு முழு வட்டம் பார்த்தாள். அவளுக்கு என்ன தெரியும், ஏழு வருஷமாகச் செக் கொடுத்திருக்கிறாள், தலையைப் பார்க்கத் தெரியாது. பிறகு திரும்பி, வேறு யாருக்கும் கேட்காத குரலில், கிட்டத்தட்டப் பரிவாக, "நேத்து நான் கேட்டதுக்கு இன்னைக்குப் பதில் சொல்றீங்களா ஹெப்சி?" என்றாள்.

அடி வாங்கினால் முதலில் ஒன்றும் தெரியாது. குதிரை உதைத்தாலும் அப்படித்தான், தொடை மரத்துவிடும், வலி பிறகு சாவகாசமாக வரும். மரத்துப்போய் நின்றாள். ஏழு வருஷத்தில் இவளுக்கு நான் யார் என்று தெரிந்தது இவ்வளவுதானா என்று ஒரு நினைப்பு, அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டே இன்னொன்று, நாற்பதாயிரம் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தவள் இதையும் செய்வாள் என்று அவள் நினைத்தால் தப்பா, தப்பில்லை, தப்புதான், முப்பத்தொரு நாள், இருபத்தொரு நாள், குடோன் தரையின் சில்லிப்பு, பனியன் பெட்டி வாசனை. எதிரே விக்ராந்த் கட்டையை ஒரு துளை ஏற்றிக்கொண்டிருந்தான். தன்யா இடப்பக்கத்திலிருந்துதான் அந்தத் தடைக்கு வருவாள். வந்து இறங்கினால் இடது காலில்தான் இறங்கும். ஹெப்சிபா வேலிக்குக் கீழே குனிந்து நுழைந்தாள். இடுப்புப் பட்டையில் ஏதோ மாட்டிக் கிழிந்தது. யாரோ "மேடம், மேடம்" என்று கன்னடத்தில் ஏதோ கத்தினார்கள். வேகமெடுத்து வந்துகொண்டிருந்த குதிரையின் வழியில், தடைக்கு முன்னால், இரண்டு கையையும் விரித்து நின்றாள். பைத்தியம் மாதிரித்தான் இருந்திருக்கும். கார்முகில் அவளைக் கண்டதும் தானே வேகம் குறைத்து, தலையை நீட்டி, அவள் தோளில் மூச்சு விட்டது. தன்யாவின் முகம் வெளுத்திருந்தது. அந்தப் பெண் காதிலிருந்து கருப்புப் பொத்தானைப் பிடுங்கினாள், அது வயரோடு கழுத்தில் தொங்கியது, அதிலிருந்து விக்ராந்தின் குரல் பூச்சி மாதிரி இரைந்துகொண்டிருந்தது. "இடது கால்தானே மேம்?" என்றாள். "எனக்கும் தெரிஞ்சது. காலைலயே தெரிஞ்சது. கோச்கிட்ட சொன்னேன். ஓட ஓடச் சரியாயிரும்னாரு." சொல்லிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே கீழே இறங்கினாள். அம்மாவிடம் சொன்னாயா என்று ஹெப்சிபா கேட்கவில்லை. அந்தப் பெண்ணே, கடிவாளத்தை அவள் கையில் கொடுக்கும்போது, "உங்ககிட்ட பேசக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க" என்றாள்.

பிறகு நடந்ததெல்லாம் சத்தம். விக்ராந்த் இங்கிலீஷில் கத்தினான், இப்போதுதான் அவன் குரல் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. நடுவர் ஒருவர் வந்தார். போட்டிக்கான மிருக டாக்டர், தலை நரைத்த குடகுக்காரர், கார்முகிலின் காலைத் தூக்கித் தொடை நடுவில் வைத்து, இரும்பு இடுக்கியால் ஆணி ஆணியாக அழுத்திக்கொண்டே வந்தார். உள்பக்கத்து மூன்றாவது ஆணியில் அழுத்தியபோது கார்முகில் காலைப் பிடுங்கிக்கொண்டு அவரைத் தள்ளியது. ஆணியை உருவினார். நுனியில் ஈரம். இன்றைக்கு இல்லை, பத்து நாளைக்கு இல்லை என்று கையை ஆட்டினார். ஹெப்சிபாவுக்குள் ஏதாவது ஒன்று நிமிரும் என்று பார்த்தாள், பார்த்தாயா என்று கேட்கிற ஒன்று. நிமிரவில்லை. தன் காது பொய் சொல்லவில்லை என்ற ஒரு சின்ன ஆறுதல், அதற்குக் கீழே நேற்றிலிருந்து இருக்கிற அதே பள்ளம், அது ஒரு விரல்கூடத் தூர்ந்திருக்கவில்லை. சரியாக இருந்ததனால் மட்டும் ஒருத்தி திரும்பிக் கிடைத்துவிடுவாளா.

லாயத்தில் ரங்கப்பன் வெந்நீர் வைத்திருந்தான். வாளியில் உப்பைக் கொட்டிக் கலக்கி, கார்முகிலின் காலை அதற்குள் இறக்கி, எடுத்துவிடாமல் முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டு ஹெப்சிபா குந்தி உட்கார்ந்திருந்தாள். சூடு முழங்கை வரை ஏறியது. தன்யா ஒரு மூலையில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு வைக்கோல் கட்டின் மேல். வெளியே யாருடைய சுற்றுக்கோ கைதட்டினார்கள். வசுமதி வருவாள் என்று தெரியும். வந்து என்ன சொல்வாள், தான் என்ன சொல்ல வேண்டும் என்று மனம் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தது. மன்னிச்சுருங்க என்பாள். பரவாயில்லை வசு என்று சொல்வதா, ஒன்றும் சொல்லாமல் இருப்பதா. ஏதாவது கொடுக்க வந்தால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்றுகூடத் தெரிந்திருந்தது, முகத்தைப் பார்க்காமல், குதிரைக்காகச் செய்தேன், உனக்காக இல்லை என்று. அப்படிச் சொன்னால் வசுமதி உடைந்துவிடுவாள், குடோனில் உடைந்த மாதிரி தரையில் உட்கார்ந்துவிடுவாள், அப்புறம் எல்லாவற்றையும் மறுபடி பேசலாம், முப்பத்தொரு நாளையும் நாற்பதாயிரத்தையும் முகத்துக்கு முகம் வைத்துப் பேசலாம், திட்டலாம்கூட. வசுமதி வந்தாள். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியிருந்தாள், கண் சிவந்திருந்தது. வாசலிலேயே நின்றாள். "டாக்டர் சொன்னாருங்க" என்றாள். காலைப் பார்த்தாள், தன்யாவைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள். கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். சரியான வார்த்தை எதுவென்று அவளுக்கும் தெரியவில்லை என்று ஹெப்சிபாவுக்குப் புரிந்தது, புரிந்தும் உதவிக்குப் போகாமல் இருந்தாள். கடைசியில் வசுமதி தனக்குத் தெரிந்த வாசலுக்கே வந்தாள். "இன்னைக்கு உங்களுக்கு எவ்வளவுங்க குடுக்கட்டும்?"

தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. ஒத்திகை பார்த்த வாக்கியம் முழுசாக, தயாராக, வாயில் இருந்தது. அதைச் சொன்னால் வசுமதி அழுவாள். அழுத பிறகு முப்பத்திரண்டாவது நாள் இதுவாக இருக்கும். இதற்கும் ஒரு பெயர் கிடைக்கும், என்றைக்கோ ஒரு மேஜையில், தோசை வருவதற்கு முன். "நாலாயிரம்ங்க" என்றாள் ஹெப்சிபா. அந்த 'ங்க' எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை, இரண்டு வருஷமாக நீ, வா, போ என்றிருந்த வாய். தொகையைக் கேட்டு மாறாத வசுமதியின் முகம் அந்த இரண்டு எழுத்துக்கு மாறியது. போனை எடுத்து, கண்ணுக்குக் கிட்டே பிடித்து, மெதுவாகத் தொகையின் ஒவ்வொரு எண்ணாக அழுத்தி அனுப்பினாள். ஹெப்சிபாவின் பின்பையில் போன் அதிர்ந்து அடங்கியது. இரண்டு கையும் வாளிக்குள் இருந்ததனால் எடுத்துப் பார்க்க முடியவில்லை, பார்க்கவும் தேவை இல்லை. வசுமதி போகாமல் நின்றாள். "நீங்க வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள், குறையாக இல்லை, நிஜமாகவே நினைத்தவள் மாதிரி. "நானும் அப்படித்தான் நினைச்சேங்க" என்றாள் ஹெப்சிபா. தன்யா எழுந்து, இரண்டு பேரையும் பார்க்காமல், ரங்கப்பனிடமிருந்து வெந்நீர்க் குண்டானை வாங்கி வந்து, குதிரையின் காலில் படாமல் வாளியின் ஓரமாகப் பார்த்து ஊற்றினாள்.